நெருப்புக்கு முன்பே ஒரு முறை வாருங்கள்: பன்னாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களின் தென்மண்டல மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மண்டல மேலாளர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். இருபது வருடமாகச் சிறு தொழிற்சாலைகளுக்குக் கணக்குப் பார்த்து வருகிறேன். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகள், ஓசூரில் இரண்டு லேத் பட்டறைகள், பர்கூர் ரோட்டில் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட். இவர்கள் எல்லோரிடமும் தீ விபத்து பாலிசி இருக்கிறது. அதில் பாதிக்கு மேல், வெளிநாட்டுக் கம்பெனிகள் பங்கு வைத்திருக்கிற உங்களைப் போன்ற நிறுவனங்கள் கொடுத்தவை.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூலை மாத இரவு இரண்டு மணிக்கு எனக்கு போன் வந்தது. எனக்கு அண்ணன் முறை ஆகிறவர், மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர். பேனல் போர்டில் ஷார்ட் சர்க்யூட் ஆகி, பேக்கிங் ஷெட் எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் பிளாஸ்டிக் கிரேட்டுகளும் கூழ் அடைக்கிற பைகளும் உருகிப்போயின. பக்கத்தில் அடுக்கியிருந்த டிரம்கள் சூடேறி உள்ளே இருந்த கூழ் கெட்டுவிட்டது. விடியற்காலையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இன்சூரன்ஸ் இருக்குதில்ல?"

இருந்தது. நஷ்டம் 60 லட்ச ரூபாய் என்று, அதை மதிப்பிட வந்த சர்வேயரே ஒத்துக்கொண்டார். கைக்கு வந்தது 24 லட்சம்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று ஆலையில் இருந்த சரக்கு 3 கோடி ரூபாய் பெறும். பாலிசியில் சரக்குக்கு எழுதியிருந்த தொகை 1 கோடியே 20 லட்சம். அதாவது நூற்றுக்கு நாற்பது. அதனால் நஷ்டத்திலும் நூற்றுக்கு நாற்பதுதான் தருவார்கள். எரிந்தது பாலிசித் தொகையில் பாதிதானே, முழுசாகக் கிடைக்கும் என்றுதான் எல்லா முதலாளிகளும் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. அண்டர் இன்சூரன்ஸ், அதாவது சரக்கின் மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு என்று சர்வேயர் ஒரு வரி எழுதினால் கணக்கு மாறிவிடும். சிறு தொழில்களுக்கென்று 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம், பாரத் லகு உத்யம் பாலிசிகளில் அந்தத் தொகை 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாங்கூழ் ஆலைக்கு அந்த 15 சதவீதம் எந்த மூலைக்கு?

எங்கள் ஊர்த் தொழிலின் தன்மை அப்படி. பெங்களூரா மாங்காய் மே மாதம் வர ஆரம்பித்து ஜூலையோடு ஓய்ந்துவிடும். மூன்று மாதம் ராத்திரி பகலாக அரைத்து, டிரம்மில் அடைத்து, ஷெட் கொள்ளாமல் வைத்திருப்போம். அப்புறம் அந்த வருடம் முழுக்க ஆர்டர் வர வர லாரி ஏற்றுவோம். மார்ச் மாதம் போய்ப் பார்த்தால் ஷெட் காலி. அந்த மார்ச் மாதக் கையிருப்பை வைத்துத்தான் பேங்க் பாலிசி எடுத்தது. பிரீமியம் கேஷ் கிரெடிட் என்கிற கடன் கணக்கிலிருந்து தானாகப் போனது. பாலிசி காகிதம் பேங்க் ஃபைலில் போய் உட்கார்ந்தது. அண்ணன் அதைக் கண்ணால் பார்த்தது தீப்பிடித்த பிறகுதான். பார்த்தும் என்ன, இருபது பக்கமும் ஆங்கிலம்.

இதில் என் பங்கும் இருக்கிறது. மாதாமாதம் பேங்குக்குப் போகிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைத் தயார் செய்தவன் நான்தான். ஜூன் மாதக் கடைசிக்கு 3 கோடி சரக்கு என்று எழுதியதும் நான்தான். அதைப் பார்த்து பேங்க் டிராயிங் பவரை, அதாவது எடுத்துக்கொள்ளக்கூடிய கடன் அளவை, ஏற்றிக் கொடுத்தது. பாலிசித் தொகையையும் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேங்குக்கும் தோன்றவில்லை, பிரீமியம் வாங்கிய நிறுவனத்துக்கும் தோன்றவில்லை. அந்த 36 லட்சத்தை ஈடுகட்ட அவர் சந்தூர்ப் பக்கத்தில் இருந்த தோப்பை விற்றார். அவருடைய அப்பா வைத்த மரங்கள். அது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

நீங்கள் விதியை மீறினீர்கள் என்று சொல்ல வரவில்லை. விதிப்படிதான் நடந்தது. என் வருத்தம் வேறு. நெருப்புக்குப் பிறகு அந்த ஆலைக்கு உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் சார்பில் நான்கு பேர் வந்தார்கள். ஒவ்வொரு டிரம்மாக எண்ணினார்கள், எர்த் கம்பி போட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள், சர்வே எண் சரியா என்று பார்த்தார்கள். அவ்வளவு அக்கறையாகப் பார்க்கத் தெரிந்தவர்களில் ஒருவர், பாலிசி கொடுக்கிற முன்பு அரை நாள் வந்திருந்தால்? "சீசனில் எவ்வளவு சரக்கு நிற்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால்? மாதாமாதம் கையிருப்பைச் சொல்லி, கூடுதலாகக் கட்டிய பிரீமியத்தில் ஒரு பகுதியை வருடக் கடைசியில் திரும்ப வாங்குகிற டிக்ளரேஷன் பாலிசி உங்களிடமே இருக்கிறது. எங்களைப் போன்ற சீசன் தொழிலுக்கு அதுதான் பொருத்தம். அப்படி ஒன்று இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் நான் கேட்ட முதலாளிகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முன்கூட்டியே வந்து பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இல்லாமல் இல்லை. ஓசூரில் பெரிய வாகனத் தொழிற்சாலைகளுக்கு ரிஸ்க் இன்ஜினியர்கள் வருகிறார்கள். கேமரா வைத்து எந்த வயர் சூடேறுகிறது என்று பார்த்து அறிக்கை கொடுக்கிறார்கள். அதே தொழிற்சாலைக்கு போல்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற பட்டறைக்கு ஒரு மின்னஞ்சல் மட்டும் வருகிறது. இது உங்களுக்கே நல்லதல்ல. பெரிய கம்பெனிகள் எடுக்கிற லாப இழப்புக் காப்பீட்டில் சப்ளையர்களையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. அப்படிச் சேர்த்திருந்தால், எங்கள் பட்டறை எரிந்து அவர்களுடைய லைன் நின்றுபோகும் நாளில் அந்த நஷ்டத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வறண்ட பூமி என்று எங்களுக்குப் பெயர். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தியிருந்த கார்களையும் வேன்களையும் வெள்ளம் இழுத்துப்போனதை நாடே பார்த்தது. தரையோடு தரையாகச் சரக்கு அடுக்கியிருக்கிற கிடங்குகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அடியில் ஒரு மரப் பேலட் போடுங்கள், வாசலில் ஒரு அடி திண்டு எழுப்புங்கள் என்று சொல்ல ஒரு ஆள் போதும்.

தனியாருக்குக் காப்பீட்டுத் துறையைத் திறந்தபோது வெளிநாட்டுப் பங்கு 26 சதவீதம்தான் இருக்கலாம் என்றார்கள். 2015இல் 49, 2021இல் 74 ஆனது. 2025இல் 100 சதவீதத்துக்கும் நாடாளுமன்றம் வழிவிட்டது. சரி, வரட்டும். முதலீடு சென்னையிலும் பெங்களூரிலும் நின்றுவிடாமல், பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் ஏறி இங்கேயும் வரட்டும். கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன அறை, தமிழ் பேசுகிற ஒரு பொறியாளர், முக்கிய நிபந்தனைகளைத் தமிழில் அச்சடித்த இரண்டு பக்கம். பேங்க் வழியாகப் போகிற பாலிசிக்கும் ஒரு நகல் முதலாளியின் கையில். வருடா வருடம் இங்கே நடக்கிற மாங்கனிக் கண்காட்சியில் ஒரு ஸ்டால் போட்டு உட்கார்ந்தால், மாவட்டத்தின் பாதி ஆலைக்காரர்களை அங்கேயே பார்த்துவிடலாம்.

மே முதல் வாரத்தில் பெங்களூரா லோடு இறங்க ஆரம்பித்துவிடும். ஏப்ரல் மாதத்தில் ஒருவரை அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு ஆலைக்கும் நானே கூட்டிப் போகிறேன். முதலில் அண்ணன் ஆலைக்குப் போகலாம். புது ஷெட் போட்டிருக்கிறார், பேனல் போர்டை வெளியே மாற்றி வைத்திருக்கிறார். சரியாக வைத்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல ஒருவரை அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கணக்கர்