அம்மாவுக்காக மாற்றிய டயர்

செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கவிதாவுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொன்னதும் உடனே சாமி விளக்கை ஏற்றிவிட்டார். அவளை ஒருநாள் பாட்டிக்குப் போன் பண்ணச் சொல்.

"வயசான அம்மாவை வைத்துக்கொண்டு, பஞ்சரானாலும் ஓடுகிற ரன்-ஃப்ளாட் டயரைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டிருக்கிறாயே, நடுரோட்டில் நின்றால் என்னடி செய்வாய்?" என்று கேட்டிருந்தாய். உனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். சிலிம் ரிவர் பக்கம் கொட்டுகிற மழையில் உன் அப்பா ஜாக்கி போட்டு டயர் மாற்ற, நாம் இரண்டு பேரும் அவர் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றோமே. லாரி கடக்கும்போதெல்லாம் கார் ஆடியது. நானும் அதை மறக்கவில்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

போன வருஷம் அம்மாவுக்கு முதுகெலும்பில் ஒரு எலும்பு அமுங்கிப்போனதிலிருந்து மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வருகிறோம். அம்மா வாய் திறந்து எதையும் குறை சொல்ல மாட்டார். ஆனால் காரில் ஏறியதும் கதவுக்கு மேலே இருக்கிற பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். விரைவுச்சாலை மேம்பாலங்களில் கான்கிரீட் ஒட்டு வரும் ஒவ்வொரு இடத்திலும் கண்ணை மூடிக்கொள்வார். நம் புளோக் கார்நிறுத்துமிடத்து மேடுகளில் நான் நடக்கிற வேகத்தில் ஏறி இறங்கினாலும் அப்படித்தான். ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "இந்த வண்டி ஒவ்வொரு மேட்டையும் எனக்கு எண்ணிக் காட்டுதுடி." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குலுக்கலுக்குக் காரணம் டயர்தான் என்று பிறகுதான் புரிந்தது. சாதாரண டயரில் காரின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கிற காற்று. பக்கச் சுவர் மெல்லியது, மேட்டில் ஏறும்போது மடங்கி நிமிரும். ரன்-ஃப்ளாட்டில் அந்தச் சுவருக்குள் கெட்டியான ரப்பர் வைத்திருப்பார்கள். காற்று முழுக்கப் போனாலும் சுவரே எடையைத் தாங்கும். மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் ஓட்டினால் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம் என்பதுதான் வழக்கமான கணக்கு. நல்ல ஏற்பாடுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கெட்டிச் சுவர் பஞ்சரான நாளில் மட்டும் கெட்டியாக இருப்பதில்லையே, வருஷம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைவான சின்னக் காரில் அதன் அடி இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

பழைய டயர்கள் நான்கும் தேய்ந்து, அவற்றின் பள்ளங்களின் ஆழம் சட்டம் சொல்கிற 1.6 மில்லிமீட்டர் எல்லையை நெருங்கியிருந்தது. எப்படியும் மாற்றியாக வேண்டும். டயர் கடை அங்கிள் கழற்றிய பழைய டயரையும் புதுச் சாதாரண டயரையும் தரையில் நிறுத்தி, இரண்டின் பக்கச் சுவரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். புதியது கைக்கு அமுங்கியது. பழையது மரக்கட்டை மாதிரி அசையவே இல்லை. அம்மா இத்தனை மாதமும் இதன் மேலேதான் உட்கார்ந்து வந்தாரா என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

நான்கையும் ஒரே சமயத்தில்தான் மாற்றினேன். இரண்டு அது, இரண்டு இது என்று கலந்து போடுவது சரியில்லை. ரிம் பழையதுதான், அளவும் பழைய அளவுதான். புது டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன், நீயும் அடுத்த முறை பார். காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கிற அமைப்பு அப்படியே இருக்கிறது. மாற்றிய அன்றே அதைத் திரும்ப அமைத்துவிட்டேன். ரன்-ஃப்ளாட் விலையில் முக்கால் பங்குகூட ஆகவில்லை. முதல் சில நாள் வளைவுகளில் ஸ்டீயரிங் கொஞ்சம் தாமதமாகக் கேட்பதுபோல் இருந்தது, இப்போது கை பழகிவிட்டது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பாதி வழியில், "ரோட்டைப் புதுசா போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். கை மடியில் இருந்தது வசந்தி, பிடியில் இல்லை.

இனி உன் கேள்வி. இந்தத் தீவு கிழக்கிலிருந்து மேற்காக 50 கிலோமீட்டர்தான். விரைவுச்சாலையில் வண்டி நின்றால் கேமராவில் பார்த்து மீட்பு வண்டி அனுப்புவார்கள், பக்கத்திலுள்ள கார்நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப்போய் விடுவார்கள். இங்கே எனக்குப் பயமில்லை.

பயம் இருப்பதெல்லாம் மலேசியாவில் நீ இருக்கிற ஈப்போவுக்கு வருகிற பாதையில்தான், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார். ரன்-ஃப்ளாட் ஏதோ ஒரு சின்ன ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடும். காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃப்ளாட்டைப் பல கடைகளில் ஒட்டித் தர மாட்டார்கள், உள்ளே சுவர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வெளியே தெரியாதாம். அதே அளவில் புது ரன்-ஃப்ளாட் அந்த ஊரில் கிடைக்குமா? வரவழைக்கிற வரைக்கும் அம்மாவோடு ஹோட்டலில்தான் தங்கவேண்டும். சாதாரண டயரில் ஆணி குத்தினால் எந்தப் பஞ்சர் கடையிலும் வேலை முடிந்துவிடும்.

ஸ்பேர் டயர் வைக்க என் காரில் இடம் கிடையாது, ரன்-ஃப்ளாட்டை நம்பியே அதை விட்டுவிட்டார்கள். அதனால் ஓட்டையடைக்கும் திரவம் ஒரு பாட்டிலும், காரின் 12 வோல்ட் இணைப்பில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பும் வாங்கிப் பின்னால் வைத்திருக்கிறேன். கார்நிறுத்துமிடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பை மாட்டிப் பழகிப் பார்த்தேன். பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதை நாள்காட்டியில் குறித்துவிட்டேன். நடுப்பகுதியில் ஆணி குத்தினால் அந்தத் திரவம் காப்பாற்றும். பக்கச் சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை, இழுவை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அந்த ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் மாற்றினேன். அதற்காகவே இருட்டில் ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். விடியற்காலையில் புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே உன் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம்.

டிசம்பரில் வருகிறோம். அம்மா இப்போதே துணி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார், ஒரு வருஷமாக இவ்வளவு தூரம் போகவேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. நீ ஒன்று செய். உன் வீட்டுப் பக்கத்தில் அப்பா வழக்கமாகப் போகிற அந்த டயர் கடை இன்னும் இருக்கிறதா? என் டயரின் அளவு 195/55, 16 அங்குலம். அந்த அளவு கையிருப்பில் வைப்பார்களா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
மலர்