டிஃபையன்ட் சண்டையை ஞாயிறு வரை ஒத்திவைக்கிறோம்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

டிஃபையன்ட் என்ற விண்கப்பல் துணைக்காவல் கப்பலா, போர்க்கப்பலா என்று நம் குழுவில் நேற்று நள்ளிரவு வரை நடந்த சண்டையை இப்போதுதான் படித்து முடித்தேன். 'ஸ்டார் ட்ரெக்' கதையில் டிஃபையன்டுக்கு ஏட்டில் உள்ள பெயர் எஸ்கார்ட், அதாவது துணைக்காவல் கப்பல். அது உண்மையில் போர்க்கப்பலே என்று ஒப்புக்கொள்பவர் அதன் தலைவர் சிஸ்கோ. ஏடு ஒன்று சொல்கிறது, வேலை ஒன்று சொல்கிறது. இதில் தோற்றவர் யார்?

பாதிச் சண்டை, வகுப்பையும் வகையையும் குழப்புவதால் வருகிறது. வகுப்பு என்பது முதலில் கட்டிய கப்பலின் பெயரால் வருவது. நிஜக் கடற்படைகளின் வழக்கமும் இதுதான். 'ஸ்டார் ட்ரெக்'கின் எண்டர்பிரைஸ்-டி கப்பல், கேலக்ஸி என்ற முதல் கப்பலின் பெயரால் கேலக்ஸி வகுப்பு ஆனது இப்படித்தான். வகை என்பது கப்பல் செய்யும் வேலை.

'ஸ்டார் வார்ஸ்' அணியினரும் சிரிக்க வேண்டாம். டெஸ்ட்ராயர் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டார்பிடோ படகுகளை விரட்டப் பிறந்த சிறு கப்பல். உங்கள் கதையில் 1,600 மீட்டர் நீளக் கப்பலுக்கு 'ஸ்டார் டெஸ்ட்ராயர்' என்று அந்தப் பெயர், யானைக்குச் சிட்டுக்குருவி என்று பெயர் வைத்தது போல. அதே கதையின் எக்ஸிக்யூட்டர் என்ற பெருங்கப்பலின் நீளம் பழைய நூல்களில் 8 கிலோமீட்டர், இப்போது 19. எனவே அளவைச் சொல்பவர் எந்த நூலில் உள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

இரவு பத்து மணிக்குப் பின் கப்பல் பேச்சு கூடாது. மீறுபவர் ஞாயிறன்று ஏற்காடு ஏரிக்கரைச் சந்திப்புக்கு அனைவருக்கும் தட்டுவடை செட் வாங்கி வர வேண்டும். பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் விவாதம் வேண்டாம். சென்ற முறை நடத்துநர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.