கிழங்கின் தோலும் மண்ணின் ஈயமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி போன்றவற்றைத் தோல் சீவாமல் சமைத்தால் நார்ச்சத்து வீணாகாது என்று தங்கள் இதழின் சமையல் பகுதியில் வந்த குறிப்பு பொதுவாகச் சரியே. ஆனால் மணலியின் ஆலைகளும், எண்ணூரின் நிலக்கரிச் சாம்பலும், கொடுங்கையூர்க் குப்பைமேடும் சூழ்ந்த வடசென்னையில், எந்த மண்ணில் விளைந்தது என்று விற்பவருக்கே தெரியாத கிழங்குக்கும் அந்த அறிவுரையை அப்படியே சொல்வது பொருந்தாது; அந்த மண்ணில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருக்கக்கூடும்.

நீலகிரி கேரட் கோயம்பேடு வழியாக வருகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். தெருவோரத்தில் குவித்து விற்கும் முள்ளங்கிக்கு அப்படி ஊர் சொல்ல ஆளில்லை. ஈயம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் வேரின் மேற்பரப்பிலும் தோலிலுமே தங்குவதால், ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் தோலைச் சீவினால் அதில் கணிசமான பகுதி போய்விடும். முள்ளங்கியில் இலைக்காம்பு சேரும் தலைப்பகுதியை அரை விரல் அளவு வெட்டி எறிய வேண்டும்; சேனையின் குழிகளில் அடைந்திருக்கும் மண் எவ்வளவு கழுவினாலும் போகாது, கத்தியால் ஆழமாகச் செதுக்கத்தான் வேண்டும். காட்மியம் என்னும் இன்னொரு நச்சு உலோகத்தின் கதை வேறு. புளிப்பேறிய மண்ணில் செடி அதை எளிதில் உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொள்ளும். பல செடிகளில் கிழங்கைவிட இலையில்தான் அது கூடுதலாகச் சேரும். ஆகவே ஊர் தெரியாத முள்ளங்கியின் கீரையைப் பொரியல் செய்வதற்கு முன் யோசிப்பது நல்லது. உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைப்பதால் உள்ளே ஏறிய உலோகம் வெளியேறாது, கொதிக்கவைத்தாலும் அழியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கையே ஒதுக்கிவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. 100 கிராம் கேரட்டில் சுமார் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும், அதே அளவு பீட்ரூட்டில் சுமார் 100 மைக்ரோகிராம் ஃபோலேட்டும் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த விலையில் இவ்வளவு சத்து எளிதில் கிடைக்காது. மேலும் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல்தான் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சக்கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சத்தான சாப்பாட்டைக் குறைப்பது பிள்ளைகளுக்குக் கேட்டைத்தான் கூட்டும்.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது கழுவுவதும் சீவுவதும் மட்டுமே. மற்றது அரசின் கையில் இருக்கிறது. கிழங்கு வகைகளில் ஈயமும் காட்மியமும் தனித்தனியே கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளும் உரிமையை நுகர்வோருக்குத் தந்திருக்கிறது என்றாலும், அன்றாடக் கூலியில் காய் வாங்குகிறவர் ஒரு கிலோ முள்ளங்கிக்காக ஆய்வகம் தேடிப் போக முடியுமா? தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடிச் சந்தைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையே பருவந்தோறும் மாதிரி எடுத்து, எந்தக் காய், எந்த ஊர் விளைச்சல், எவ்வளவு ஈயம், எவ்வளவு காட்மியம் என்று தமிழில் அச்சிட்டுச் சந்தை வாசலிலேயே ஒட்ட வேண்டும். இக்கோரிக்கையைத் தங்கள் இதழும் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை