இறைக்கிற மிசினுக்கு நம்பர் பிளேட் இல்லை, ஐயா

எரிசக்தி, கமத்தொழில் விடயங்களில் முடிவெடுக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் எரிபொருள் சிக்கனம் பற்றிக் கூட்டம் வைத்தீர்கள். நன்றி. எண்ணெய் முழுக்க டொலர் கொடுத்து இறக்குவதுதான், பாவனையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றீர்கள். மறுப்பில்லை. ஆனால் அதை வன்னிச் சனத்துக்குப் படிப்பித்ததுதான் கொஞ்சம் உறைத்தது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவர்கள் நாங்கள். ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சொட்டுப் பெற்றோல். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம்.

எங்களுக்குச் சிக்கன வகுப்பு வேண்டாம். தோட்டக் கிணறுகளுக்குச் சோலர் பம்ப் வேண்டும், அதைத் தவணையில் கட்ட ஒரு வழி வேண்டும்.

2022 எரிபொருள் தட்டுப்பாடு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பங்கீட்டுக்குக் கியூஆர் வந்ததும் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கணக்கு வந்தது. இறைக்கிற மிசினுக்கு நம்பர் பிளேட் ஏது? கானைக் கொண்டுபோனால் எண்ணெய்ச் செற்றில் அடிக்க மாட்டார்கள். விதானையாரின் கடிதத்துக்கு ஒரு அலைச்சல், அதில் சீல் வாங்க இன்னொன்று. அதுவரை பூத்து நிற்கிற மிளகாய்க் கன்று பொறுக்குமா? மோட்டார் சைக்கிள் ராங்கிக்குள் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி மிசினுக்கு ஊற்றினோம். சாப்பிடும்போதும் தொண்டையில் பெற்றோல் மணம். கன்றுக்குத் தண்ணீர் விட்டால் சந்தைக்குப் போக எண்ணெய் இல்லை, சந்தைக்கு வைத்திருந்தால் கன்று இல்லை. பாதிப் பூ கொட்டிப் போனது. மண்ணெண்ணெய் மிசின்காரர் தப்பிவிட்டார்கள் என்று பார்த்தால், அந்த ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது.

வெயிலுக்கு வன்னியில் என்றாவது தட்டுப்பாடு வந்ததா? இறைப்புத் தேவைப்படுவதும் வெயில் எறிக்கிற காலத்தில்தான். பற்றரிகூட வேண்டாம், பகலில் தொட்டியை நிரப்பி வைத்தால் பின்னேரம் பாய்ச்சலாம். இதை நாங்கள் கேட்டால் காசில்லை என்கிறீர்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில் மின்சாரம் கூடிப்போகும் என்று கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னது யார்? அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடே இருண்டது என்றார்கள். கிணற்றடிப் பம்ப் உங்கள் கம்பியைத் தொடப் போவதில்லை. குரங்குக்கும் பயப்படத் தேவையில்லை.

கூட்டம் முடியும்வரை வெளியே உங்கள் ஜீப் ஏசிக்காக ஸ்ரார்ட்டிலேயே நின்றது. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அதோடு, நேரத்துக்கு ஒரு பஸ் ஓடினால் புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போக ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் ஏன்? சரி, அது வேறு அமைச்சு என்பீர்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை மரியாதையாகவே கேட்கிறேன். அடுத்த தட்டுப்பாடு வருமுன், இந்தச் சிறுபோகத்துக்குள், சோலர் பம்ப்புக்குத் தவணைக் கடன் தாருங்கள். அதுவரைக்கும் இறைக்கிற மிசின்களைக் கமநல சேவை நிலையத்திலேயே பதிந்து, அவற்றுக்கென்று தனிப் பங்கு ஒதுக்குங்கள். பதில் போடுவதாக இருந்தால் தயவுசெய்து தமிழில் போடுங்கள். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கமக்காரன்