பெர்கே கபீஸ்கோ

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கல்யாணம் சரிவந்தது எங்களுக்குப் பெரிய சந்தோசம். இங்கே இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் எல்லோரும் சுகம். நானோ இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போகிறேன். 2018 இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை கேட்கிறவர்கள் பி1 என்ற இடைநிலை அளவுக்கு இத்தாலிய மொழி தெரிந்திருக்க வேண்டும்.

போன கிழமை ஒரு பகிடி. நான் பராமரிக்கிற வயதான அம்மா படபடவென்று கதைப்பவர். 'எனக்கு விளங்கும்படி மெதுவாகக் கதையுங்கோ' என்று சொல்ல நினைத்து, "பார்லி பியானோ, பெர்கே கபீஸ்கோ" என்றேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். 'எனக்கு விளங்குகிறது, அதனால் மெதுவாகக் கதையுங்கோ' என்று ஆகிவிட்டதாம்! 'பெர்கே இயோ கபீஸ்கா' என்றிருக்க வேண்டும். பெர்கே ஒரே சொல்தான். அதன் பின்னால் சாதாரண வினை வந்தால் காரணம். கொஞ்ஜுந்தீவோ என்ற வடிவம் வந்தால் நோக்கம். வேடிக்கை என்னவென்றால், மரியாதைக்குச் சொன்ன அந்த 'பார்லி'யும் கொஞ்ஜுந்தீவோதான். அது மட்டும் தெரியாமலே சரியாக வந்துவிட்டது.

சார்பு வாக்கியத்தில் இந்தக் கொஞ்ஜுந்தீவோவின் ஆட்சி பெரிது. 'அவன் வருகிறான் என்று தெரியும்' என்றால் 'சோ கே வியெனெ'. 'வருகிறான் என்று நினைக்கிறேன்' என்றால் 'பென்ஸோ கே வெங்கா'; இந்த 'வெங்கா'தான் கொஞ்ஜுந்தீவோ. நமக்கு இரண்டிலும் 'வருகிறான்' அசையாது. அவர்களுக்கோ, சொல்கிறவன் அதற்குப் பொறுப்பு நிற்கிறானா இல்லையா என்பதை வினையே காட்டிக்கொடுத்துவிடும். அப்படித்தான் நானும் விளங்கிவைத்திருந்தேன், 'பென்கே' வரும்வரை. வெளியே மழை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே 'மழை பெய்தாலும்' என்று சொல்ல 'பென்கே பியோவா' என்று கொஞ்ஜுந்தீவோ போட வேண்டும். சந்தேகம் எங்கே இருக்கிறது? அதே கருத்துள்ள 'ஆங்கே ஸெ'க்கு சாதாரண வினை போதும். நான் ஆங்கே ஸெ கட்சி.

'நேரம் இருந்தால் வருவேன்' (ஆனால் நேரம் இல்லை) என்பதைப் புத்தகத்தில் 'ஸெ அவெஸ்ஸி தெம்போ, வெர்ரெய்' என்று, இரண்டு பக்கமும் இரண்டு வடிவத்தில் போட்டிருக்கிறார்கள். அம்மா சிசிலிய மொழியில் 'ஸி அவிஸ்ஸி தெம்பு, வினிஸ்ஸி' என்பார். இரண்டும் ஒரே அச்சு. எனக்கு அதுதான் காதில் ஏறியிருக்கிறது; வகுப்பில் எழுதினால் சிவப்புக் கோடு.

கல்யாணத் திகதி முடிவானதும் எழுது. அம்மாவிடம் லீவு கேட்க வேண்டும். 'வொர்ரெய் கே மி தெஸ்ஸெ...' ('நீங்கள் எனக்குத் தர வேண்டும் என்று விரும்புகிறேன்...') என்று தொடங்கும் வாக்கியத்தை இப்போதே பாடமாக்குகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்