குரூக்‌ஷாங்க் தீர்ப்பு தவறென்று சொல்லுங்கள்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதிபதிகளுக்கு,

வணக்கம். 1876 மார்ச் 27 அன்று உங்கள் நீதிமன்றம் வழங்கிய ‘அமெரிக்க அரசு எதிர் குரூக்‌ஷாங்க்’ தீர்ப்பைப் பற்றி எழுதுகிறேன். முதன்முறை படிப்பவருக்கு அது ஒரு படுகொலையைப் பற்றிய வழக்கு என்றே பிடிபடாது. எத்தனை பேர் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்ற பேச்சே அதில் இல்லை. குற்றப்பத்திரிகை முறையாக எழுதப்பட்டதா என்ற ஆராய்ச்சிதான் பக்கம் பக்கமாக ஓடுகிறது. தீர்ப்பு விட்டுவிட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லூசியானாவில் ரெட் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் கோல்ஃபாக்ஸ். உள்நாட்டுப் போருக்கு முன்பு அது கால்ஹூன் குடும்பத்தின் தோட்ட நிலம். அந்தத் தோட்டத்துக் குதிரை லாயம்தான் பின்னர் அவ்வூரின் நீதிமன்றக் கட்டடமானது. சுற்றிலும் வாழ்ந்த கறுப்பின மக்களில் பெரும்பாலோர் போர் முடியும்வரை அடிமைகளாக இருந்தவர்கள். 1872 தேர்தலில் கறுப்பின மக்கள் ஆதரித்த குடியரசுக் கட்சி, அதை எதிர்த்த வெள்ளையர் தரப்பு இரண்டும் வெற்றி தங்களுடையதே என்றன. அடுத்த மார்ச்சில் குடியரசுக் கட்சியினர் நீதிமன்றத்தில் நுழைந்து பொறுப்பேற்றார்கள். ஏப்ரல் 5 அன்று, தன் வீட்டு வேலியைச் சரிசெய்துகொண்டிருந்த ஜெஸ்ஸி மெக்கின்னி என்ற கறுப்பின விவசாயியை வெள்ளையர் கும்பல் சுட்டுக் கொன்றது. அஞ்சிய குடும்பங்கள் நீதிமன்றத்தைச் சுற்றித் தஞ்சம் புகுந்தன.

ஏப்ரல் 13 ஈஸ்டர் ஞாயிறு. சிறு பீரங்கியோடு வந்த வெள்ளையர் படை, பெண்களும் குழந்தைகளும் வெளியேற அரைமணி நேரம் கொடுத்துவிட்டுத் தாக்கியது. நீதிமன்றக் கூரைக்குத் தீ வைத்தது. ஆயுதம் இன்றி வெளியே வந்தவர்கள் சுடப்பட்டார்கள். சிறைபிடிக்கப்பட்ட பலரை இரவில் வெளியே நடத்திச் சென்று சுட்டார்கள். செத்தவர்கள் அறுபதுக்கு மேல் என்பாரும் உண்டு, நூற்றைம்பது என்பாரும் உண்டு. ஆற்றில் எறியப்பட்ட உடல்களை யார் எண்ணியிருக்க முடியும்?

அன்றிரவு சுடப்பட்டவர்களில் லீவை நெல்சனும் ஒருவர். சுட்டவர் வில்லியம் குரூக்‌ஷாங்க். நெல்சன் சாகவில்லை. யார் கண்ணிலும் படாமல் ஊர்ந்து தப்பினார், பிறகு அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சிகளில் ஒருவராக நியூ ஆர்லியன்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நின்றார். வெள்ளையருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்ல முடியாது என்றிருந்த மண் அது. வழக்குத் தொடுக்கவும் சாட்சி சொல்லவும் கறுப்பின மக்களுக்கு உரிமை உண்டு என்று 1866இல்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்துக்கு எட்டு வயதாகும்போது, தன்னைச் சுட்டவனைத் தன் வாயால் அடையாளம் காட்ட நெல்சன் வந்தார். சட்டம் தன்னையும் காக்கும் என்று நம்பி இதைவிட ஒரு மனிதர் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அரசு வழக்கறிஞர் பெக்வித் 97 பேர்மீது குற்றம் சுமத்தினார். கூண்டில் ஏறியவர்கள் ஒன்பது பேர். முதல் விசாரணையில் ஒருவர் விடுதலையானார். மற்றவர்கள் விஷயத்தில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் விசாரணையில் மூவர் சதிக்குற்றவாளிகள் என்றார்கள். கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த மூவரையும்கூட 1876இல் நீங்கள் விடுவித்தீர்கள்.

தலைமை நீதிபதி வெய்ட் சொன்ன காரணங்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு தரும் அரசமைப்பின் பதினான்காம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல; கூட்டமாக வந்து கொன்றவர்களிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் மாநிலத்திடம் போ. எந்த மாநிலம்? அந்தக் கொலைகளுக்கு ஒருவரையும் தண்டிக்காத லூசியானா. இனமே பகைக்குக் காரணம் என்று ஐயப்படலாம், ஆனால் குற்றப்பத்திரிகை அப்படிக் கூறவில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பெக்வித்தின் குற்றப்பத்திரிகையில் ஓட்டைகள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டைகளைக் காட்டுவதோடு நின்றிருக்கலாமே.

அந்தத் தீர்ப்பு அதன் பிறகு ஓயவில்லை. டென்னசியில் ஷெரிஃபின் காவலில் இருந்த கைதிகளை ஒரு கும்பல் தாக்கிய வழக்கில் 1883இல் அதையே மேற்கோள் காட்டிக் கும்பலைத் தண்டிக்கும் சட்டப்பிரிவை ரத்துசெய்தீர்கள். 2000இல், வன்முறைக்கு ஆளான பெண்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கும் வழியை மூடியபோது, அந்த 1883 தீர்ப்பைத் துணைக்கு அழைத்தீர்கள். அதை எழுதியவர்கள் லிங்கன் முதல் ஆர்தர் வரையிலான அதிபர்கள் நியமித்த நீதிபதிகள், அந்தக் காலத்தை அருகிலிருந்து அறிந்தவர்கள் என்று பாராட்டும் சொன்னீர்கள். அருகிலிருந்து அறிந்தவர் நெல்சனும்தான்.

நடுவில் 1971இல், மிசிசிப்பி நெடுஞ்சாலையில் அடிவாங்கிய கறுப்பினப் பயணிகள் தொடுத்த வழக்கில் ஒரு சிறு கதவைத் திறந்தீர்கள். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது வேறு திருத்தத்தின் வழியாகத் திறந்த பக்கவாசல்.

என்னை எழுத வைத்தது 2010இல் வந்த துப்பாக்கி உரிமைத் தீர்ப்பு. கோல்ஃபாக்ஸில் நடந்தது படுகொலை என்பதை அதில் எழுதினீர்கள். குரூக்‌ஷாங்க் எந்த மரியாதைக்கும் உரிய முன்தீர்ப்பு அல்ல என்று நீதிபதி தாமஸ் தனியாக எழுதினார். கடைசியில் கோல்ஃபாக்ஸ் பிணங்களை முன்வைத்துக் கிடைத்தது சிகாகோவில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை. கும்பலிடமிருந்து கூட்டாட்சி அரசு தன்னைக் காக்க வேண்டும் என்ற நெல்சனின் கோரிக்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பொருத்தமான வழக்கு வராமல் நாங்களாகப் பேச முடியாது என்பீர்கள். 2018இல் பயணத்தடை வழக்கில், ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றியதை ஏற்ற கொரமட்சு தீர்ப்பு சொல்லப்பட்ட அன்றே பெரும் தவறு என்று தலைமை நீதிபதி எழுதவில்லையா? அன்று உங்கள் முன் இருந்தது கொரமட்சு வழக்கு அல்லவே.

இந்தியாவிலிருந்து ஒருவர் ஏன் இதில் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். 1947இல் அரசியல் நிர்ணய சபையின் பார்வைக்கு அம்பேத்கர் தயாரித்த முன்மொழிவில், சமமின்மையிலிருந்து காக்கும் ஒரு பிரிவுக்கு உங்கள் நாட்டின் 1866, 1875 குடிமை உரிமைச் சட்டங்களை மூலமாகக் குறிப்பிட்டிருக்கிறார். பிந்தையதை 1883இல் நீங்கள் செல்லாது என்றீர்கள். எங்கள் அரசமைப்பின் 17ஆம் பிரிவோ தீண்டாமையை எந்த வடிவிலும் தடுக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிப்பவர் அரசு அதிகாரியா அண்டை வீட்டுக்காரரா என்று அது பார்ப்பதில்லை. எங்கள் ஊர்களிலும் கும்பல்கள் தப்பிக்கின்றன. ஆனால் தனிமனிதர்களைச் சட்டம் தொட முடியாது என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

கோல்ஃபாக்ஸில் அந்தப் படுகொலையைப் புகழ்ந்து மாநில அரசு நட்ட பலகை 2021இல் அகற்றப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த கல் 2023 ஏப்ரல் 13 அன்று அங்கே எழுந்தது. உங்களிடம் நான் கேட்பது கல்கூட அல்ல. அடுத்த முறை ஒரு வழக்கறிஞர் குரூக்‌ஷாங்க்கை உங்கள் முன் எடுத்து வாசிக்கும்போது, கும்பலைத் தண்டிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அது சொன்னது தவறு என இரண்டு வாக்கியம் எழுதுங்கள். குற்றப்பத்திரிகையில் பாதிக்கப்பட்டவர்களாக இருந்த இரண்டு பெயர்களையும் அதில் சேருங்கள்: லீவை நெல்சன், அன்று உயிர் பிழைக்காத அலெக்சாண்டர் டில்மன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர்