பவர் சப்ளைமீது பழி போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே அசெம்பிள் செய்த கணினி ஆன் ஆகாவிட்டால் என்ன செய்வது என்பது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் 24 பின் கனெக்டரின் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கம்பித் துண்டால் இணைத்து, பவர் சப்ளையின் ஃபேன் சுற்றினால் அது நன்றாக இருக்கிறது, சுற்றாவிட்டால் போய்விட்டது என்று அதில் தீர்ப்பு எழுதியிருப்பது சரியல்ல. ஃபேன் சுற்றுவது பவர் சப்ளை இயங்கத் தொடங்குகிறது என்பதற்குத்தான் சான்று. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை இழுக்கும்போது 12 வோல்ட் இறங்காமல் நிற்குமா என்பதை அது காட்டாது. சுமை குறைவாக இருக்கையில் ஃபேனை நிறுத்தியே வைக்கும் மாடல்களும் உண்டு என்பதால், சுற்றாத ஃபேனை நம்பி நல்ல பவர் சப்ளையைத் தூக்கிப் போடவும் நேரலாம். போதாக்குறைக்கு, இன்று பலவற்றில் எல்லா ஒயர்களும் கறுப்பாகவே வருகின்றன. தேட வேண்டியது பச்சை நிறத்தை அல்ல, 16ஆம் பின்னை.

இதற்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டியது கேபினெட்டின் பவர் பட்டன். மதர்போர்டில் அந்த பட்டனின் ஒயர் செருகப்படும் இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டதும் கணினி ஆன் ஆகிவிட்டால், கோளாறு பட்டனிலோ அதன் ஒயரிலோதான்.

பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒருமுறை துடித்து உடனே நின்றுவிடுவது, அசைவே இல்லாமல் கிடப்பதிலிருந்து முற்றிலும் வேறான அறிகுறி. பெரும்பாலும் எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து பவர் சப்ளை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். மதர்போர்டில் துளை இல்லாத இடத்தில் கேபினெட்டில் கழற்றாமல் விட்ட ஒரு பித்தளை ஸ்டாண்ட் ஆஃப் (போர்டைத் தாங்கி நிற்கும் சிறு திருகுத் தூண்), போர்டின் பின்புறச் சால்டர் புள்ளிகளில் முட்டிக்கொண்டிருந்தாலே போதும். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின்மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம் ஆகியவற்றுடன் மட்டும் இயக்கிப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளையை மாற்றுவோர் பழைய கேபிள்களையே பயன்படுத்தலாம் என்ற குறிப்பைத் தயவுசெய்து அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுங்கள். பிளக் கச்சிதமாகப் பொருந்தினாலும் பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறுபடக்கூடும் என்பதால், 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட் பாய்ந்து ஹார்ட் டிஸ்க் கருகிவிடும் ஆபத்து இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்